சபர் கணக்கை எழுதி வையுங்கள்



குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸா பிள்ளைகளைக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது, அதற்குச் சாட்சி வைப்பது பற்றிய வசனம் அது. பணக் கணக்கில் நாம் ஓரளவு இதைக் கடைப்பிடிக்கிறோம். ஆனால் இருபது வருடச் சபர் வாழ்க்கையை நம் வீடுகளில் யாரும் எழுதி வைப்பதில்லை. மகன் எந்த வருடம் ரியாத் போனான் என்று கேட்டால், "சின்னவனுக்குச் சுன்னத் வைத்த வருஷம்" என்று பதில் வரும். எத்தனை மாதம் இருந்தான் என்றால், "ரெண்டு ரமளான் அங்கேதான் கழிஞ்சது" என்பார் அம்மா.

வீட்டுக்கு இந்தக் கணக்கு போதும். விசா அதிகாரிக்குப் போதாது.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர், பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று நம் பகுதிக் குடும்பங்களுக்கு வளைகுடாவும் சிங்கப்பூரும் மலேசியாவும் பழகிய இடங்கள். இப்போது லண்டன் மாப்பிள்ளை, டொராண்டோ மாப்பிள்ளை, மெல்போர்ன் மருமகள் என்று சம்பந்தங்கள் வருகின்றன. கல்யாணம் முடிந்து, கணவன் மனைவியை அழைத்துக்கொள்ளவோ மனைவி கணவனை அழைத்துக்கொள்ளவோ மனுப் போடும்போதுதான் கேள்வி எழுகிறது: "நான் பன்னிரண்டு வருஷம் சவுதியில் இருந்தேனே, அது என் விசாவைக் கெடுக்குமா?"

வளைகுடாவில் வேலை பார்த்ததோ, பல நாடுகளுக்குப் போய் வந்ததோ ஒரு குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை. தாமதத்தையும் மறுப்பையும் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த வரலாற்றை நாம் சொல்லும் விதம்தான். கணவன் ஒரு தேதி சொல்லி, மனைவி வேறு தேதி சொல்லி, பாஸ்போர்ட் முத்திரை மூன்றாவது தேதி காட்டினால் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்.

எந்த நாடு எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவுக்குத் துணையை அழைக்கும் ஐ-130 மனுவில் இருவருடைய கடைசி ஐந்து ஆண்டு முகவரிகளும் வேலைகளும் கேட்கப்படும். அதன்பின் நிரப்பும் டிஎஸ்-260 படிவத்தில் 16 வயது முதல் வாழ்ந்த எல்லா இடங்களும், பத்து ஆண்டு வேலை விவரமும் வேண்டும். கனடாவின் படிவம் கடைசி பத்து ஆண்டுகளை மாதம் விடாமல் கேட்கிறது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதங்களையும் அப்படியே எழுத வேண்டும், இடைவெளி இருந்தால் படிவம் திரும்பி வரும். பிரிட்டன் பத்து ஆண்டு வெளிநாட்டுப் பயணங்களைக் கேட்கும். ஆஸ்திரேலியாவின் படிவம் 80 பத்து ஆண்டுப் பயணத்தோடு முகவரியையும் வேலையையும் கேட்கும்.

விசிட் விசாவில் துபாய் போய் மூன்று மாதம் வேலை தேடிவிட்டுத் திரும்பியதைப் பலர் பயணமாகவே நினைப்பதில்லை. அதுவும் பயணம்தான். உம்ராவும் ஹஜ்ஜும் பயணம்தான். "உம்ரா போனதை எழுதினால் சந்தேகப்படுவார்களோ" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்குப் போனதை மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பாஸ்போர்ட்டில் இருக்கும் சவுதி விசாவைப் படிவத்தில் காணவில்லை என்றால்தான் சந்தேகம் வரும்.

இகாமாவில் ஒரு வேலை, கையில் ஒரு வேலை

நம்மவர்களை அதிகம் சிக்க வைப்பது இதுதான். 'ஃப்ரீ விசா' என்று பெயர் வைத்து விற்கப்படும் விசாவில் போனவர்களின் இகாமாவில் ஹவுஸ் டிரைவர் என்றோ பண்ணைத் தொழிலாளி என்றோ இருக்கும். அவர் உண்மையில் பார்த்தது மொபைல் கடை வேலையாகவோ ஏசி மெக்கானிக் வேலையாகவோ இருக்கும். கஃபீல் ஒருவர், சம்பளம் கொடுத்தவர் வேறொருவர். பத்து வருடம் கழித்து இவருடைய மனைவி, கனடாவில் நர்ஸாக இருப்பவர், இவரை அழைக்க மனுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'முந்தைய வேலை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஏஜெண்டுகள் இரண்டு யோசனை சொல்வார்கள். இகாமாவில் உள்ளதையே எழுது என்பது ஒன்று. கடைக்காரரிடம் சர்டிபிகேட் வாங்கி அதை மட்டும் எழுது, இகாமாவைக் காட்டாதே என்பது மற்றது. இரண்டும் தவறு. நேர்காணலில் "ஹவுஸ் டிரைவராக யாருக்கு வண்டி ஓட்டினீர்கள்?" என்று கேட்டால் முதலாமவர் திணறுவார். விசாவின் நகலைக் கேட்டால் இரண்டாமவர் மாட்டுவார். செய்த வேலையை எழுதுங்கள்; இகாமாவில் எந்தத் தொழில் பதிவாகியிருந்தது, கஃபீல் யார், ஏன் வேறுபாடு வந்தது என்று ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதி இணையுங்கள். வளைகுடாவில் இப்படி நடப்பது அந்த அதிகாரிகளுக்குப் புதிய செய்தி அல்ல. அன்று அந்த நாட்டுச் சட்டப்படி அது மீறலாக இருந்திருக்கலாம். அதற்காக அபராதமோ வெளியேற்றமோ நடந்திருந்தால், கேட்கும் இடத்தில் அதையும் சொல்லியாக வேண்டும்.

மறைத்தது தெரியவந்தால் என்ன ஆகும்? கனடா ஐந்து ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்கவே தடை போடும். பிரிட்டனில் பத்து ஆண்டுத் தடை. ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவலுக்கு மூன்று ஆண்டு, ஆளடையாளத்தையே மாற்றிச் சொன்னால் பத்து ஆண்டு. அமெரிக்காவில் முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாக முடிவானால் தடை வாழ்நாளுக்கு. விதிவிலக்கு கேட்கலாம், ஆனால் அது தனி வழக்கு, தனிச் செலவு, தனிக் காத்திருப்பு. ஒரு வேலையின் பெயரை மறைக்கப் போய், கட்டிய மனைவியைப் பிரிந்து இத்தனை வருடம் இருப்பதற்கு யார் பதில் சொல்வது? ஏஜெண்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

பொது மன்னிப்பில் வந்தவர்கள்

2013இல் சவுதியில் நிதாகத் நேரத்தில் கொடுத்த அவகாசத்தில் ஊர் திரும்பியவர்கள் நம்மிடையே உண்டு. 2017இல் சவுதி மீண்டும் பொது மன்னிப்பு அறிவித்தது. 2018இல் குவைத்தும், அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐக்கிய அரபு அமீரகமும் அறிவித்தன. அமீரகம் 2024 செப்டம்பரில் மறுபடி அறிவித்தது. பாஸ்போர்ட் கஃபீலிடம் மாட்டிக்கொண்டு, தூதரகத்தில் 'அவுட் பாஸ்' வாங்கி வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள்.

விசா படிவங்களில் "எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா, அனுமதிக் காலம் தாண்டித் தங்கியதுண்டா, வெளியேற்றப்பட்டதுண்டா" என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாடும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கும். கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். பொது மன்னிப்பில் தானாக முன்வந்து வெளியேறியதும், பிடித்து நாடு கடத்தப்பட்டதும் ஒன்றல்ல. அதே நேரம் காலம் தாண்டித் தங்கியது தங்கியதுதான். என்ன நடந்தது, எந்த அறிவிப்பின் கீழ் வெளியே வந்தேன், அபராதம் இருந்ததா என்று உள்ளபடி எழுதினால் அதை வைத்து அதிகாரி முடிவு செய்வார். அவுட் பாஸ் நகலும், வந்த விமானச் சீட்டும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். எங்கோ ஒரு பெட்டியில் கிடக்கும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இப்போதுதான் வரும்.

முத்திரை நமக்குச் சாட்சியாகும் இடம்

இதுவரை படித்தவர்களுக்குப் பயண வரலாறு என்றாலே ஆபத்து என்று தோன்றியிருக்கும். மறுபக்கமும் உண்டு. கல்யாணம் உண்மையானது என்பதற்கு வலுவான சாட்சி கணவனின் பாஸ்போர்ட்டில் இருக்கும் வருகை முத்திரைகள்தான். நிகாஹ் தேதிக்கு முன் எப்போது வந்தார், பின் எத்தனை நாள் இருந்தார், அடுத்த விடுமுறை எப்போது என்பதெல்லாம் அதில் தெரியும். சம்பளம் குறைவு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு என்பதால் ஐந்து வருடத் தாம்பத்தியத்தில் சேர்ந்திருந்தது நூறு நாள் என்றால், அந்த நூறு நாளையும் நிரூபிக்கும் காகிதம் அதுதான். புதிய பாஸ்போர்ட் வந்ததும் பழையதைத் தூக்கி எறிபவர்கள் தங்கள் சாட்சியைத் தாங்களே எறிகிறார்கள். வளைகுடா விமான நிலையங்களில் இப்போது முத்திரை குத்தாமல் கணினியிலேயே பதிவு செய்வதும் நடக்கிறது. அதனால் போர்டிங் பாஸையும் டிக்கெட்டையும் போனில் படம் பிடித்து வையுங்கள்.

போன் வழியாகவோ, மாப்பிள்ளைக்குப் பதில் வக்கீல் வைத்தோ நடந்த நிகாஹ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்க்க அடிப்படையில் அதன் சட்டதிட்டம் ஆலிம்களிடம் கேட்க வேண்டியது. விசா சட்டம் வேறு. மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை 2015 ஜூன் முதல் கனடா துணை விசாவுக்கு ஏற்பதில்லை. நிகாஹ் அவையில் இருவரும் சேர்ந்து இராத திருமணத்தை, அதன்பின் இருவரும் சேர்ந்து வாழ்ந்தால் மட்டுமே அமெரிக்கா ஏற்கிறது. ஆகவே நிகாஹுக்குப் பின் மாப்பிள்ளை எந்தத் தேதியில் ஊர் வந்தார் என்ற ஒரு முத்திரை மேல் மனு முழுதும் நிற்கும் நிலை வரலாம். இப்படி நிகாஹ் முடித்தவர்கள் மனுப் போடும் முன் விவரம் தெரிந்தவரிடம் கலந்து பேசுங்கள்.

இதே இடத்தில் பதிவையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது; எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்; தாமதக் கட்டணத்துடன் 150 நாள் வரை. 45 நாள் லீவில் வரும் மாப்பிள்ளைக்குப் பெண் பார்ப்பதில் பத்து நாள், கல்யாண வேலையில் பத்து நாள், விருந்தில் மீதி நாள் போய்விடுகிறது. ஜமாஅத் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று, அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறிவிடுகிறார். அடுத்த லீவு வரும்போது 150 நாள் தாண்டியிருக்கும். அப்போது சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதியலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிப் பதிந்தால் அந்தத் தம்பதியின் சொத்து வாரிசுரிமை முஸ்லிம் தனியார் சட்டத்திலிருந்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாறிவிடும். இதை அறியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். வலீமா விருந்துக்கு மறுநாளே சார்பதிவாளர் அலுவலகம் போய் வருவது இந்த அலைச்சலையெல்லாம் மிச்சப்படுத்தும்.

சொல்லாமல் விட்ட நிகாஹ்

கனடாவுக்கு நிரந்தரக் குடியுரிமை விசாவில் போகும் இளைஞர்களின் பெற்றோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மனுப் போட்டபோது பையன் தனியாள். விசா வரும் முன் லீவில் வந்தபோது, "நிகாஹை மட்டும் முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்" என்று வீட்டளவில் முடித்துவிடுகிறார்கள். பெண் இன்னும் தாய் வீட்டில்தானே இருக்கிறாள் என்று நினைத்து, பையன் படிவத்தை மாற்றாமல் 'மணமாகாதவர்' என்றே கனடாவில் போய் இறங்குகிறான். பிறகு மனைவியை அழைக்க மனுப் போட்டால், நிகாஹ் தேதி அவன் இறங்கிய தேதிக்கு முந்தியது என்று தெரிகிறது. வரும்போது அறிவிக்காத, பரிசோதிக்கப்படாத மனைவியைப் பின்னர் குடும்ப வழியில் அழைக்க முடியாது என்று கனடாவின் குடியேற்ற விதி 117 சொல்கிறது. 2019 முதல் சிலருக்கு மட்டும் விலக்கு கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அதை நம்பி யாரும் கல்யாணம் செய்யக் கூடாது. நாம் 'வெறும் நிகாஹ்' என்று சொன்னாலும் சட்டத்துக்கு அது திருமணம்தான், மார்க்கத்துக்கும் அப்படித்தானே?

அழைப்பவரின் கணக்கும் பார்க்கப்படும்

வருபவரின் வரலாற்றை மட்டும்தான் தோண்டுவார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கணவர் துபாயில் வேலை பார்த்துக்கொண்டு மனைவிக்கு மனுப் போட்டால், தன் நிரந்தர வீடு அமெரிக்காதான், மனைவியோடு அங்கே திரும்பப் போகிறேன் என்று காட்ட வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் அழைப்பவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் வேண்டும். முன்பு அது 18,600. வெளிநாட்டில் சம்பாதித்துக்கொண்டிருக்கும் பிரிட்டன் குடிமகன் அந்தச் சம்பளத்தைக் காட்டியதோடு நிற்காமல், பிரிட்டனில் காத்திருக்கும் வேலையையும் காட்ட வேண்டியிருக்கும்.

வளைகுடாவிலேயே மனைவியை வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு வேலையின் பெயரும் சம்பளமும்தான் வழக்கமான அளவுகோல். அமீரகம் 2019இல் தொழிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, 4,000 திர்ஹம் சம்பளம் அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் போதும் என்றாக்கியது. சவுதியில் 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய குடும்ப வரி 2020க்குள் 400 ரியாலாக உயர்ந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். சர்டிபிகேட் அத்தாட்சியிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவுதி ஆகியவை அப்போஸ்டில் முத்திரையை ஏற்கும் உடன்படிக்கையில் உள்ளன. அமீரகம், கத்தார், குவைத் அதில் சேரவில்லை. அவற்றுக்குத் தூதரக அத்தாட்சியும் வேண்டும்.

காத்திருக்கச் சொன்னால்

அமெரிக்க நேர்காணல் முடிந்து, 221(ஜி) என்று எழுதிய தாளைக் கொடுத்து 'நிர்வாகப் பரிசீலனை' என்று சொல்லி அனுப்பினால் வீடு முழுவதும் இழவு விழுந்தது போல் ஆகிவிடுகிறது. அது முடிவான மறுப்பு அல்ல. இன்னும் தகவலோ சோதனையோ பாக்கி என்று பொருள். சிலருக்கு டிஎஸ்-5535 என்ற கூடுதல் கேள்வித்தாள் வரும். 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது இது. பதினைந்து ஆண்டுப் பயணங்கள், அவற்றுக்குப் பணம் யார் கொடுத்தார்கள், பதினைந்து ஆண்டு முகவரி, பதினைந்து ஆண்டு வேலை, பழைய பாஸ்போர்ட் எண்கள், உடன்பிறந்தோர் பெயர்கள், ஐந்து ஆண்டுப் போன் எண்கள், மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் அதில் கேட்பார்கள்.

நம் பெயர்களைப் பார்த்துத்தான் இது வருகிறதா என்று கேட்கிறார்கள். அந்த வேதனை புரிகிறது. முஹம்மது என்ற பெயர் ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதப்படுகிறது. அதே பெயரும் அதே பிறந்த ஆண்டும் கொண்டவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களிலிருந்து நம்மைப் பிரித்துக் காட்டுவது அத்தாவின் பெயர், பிறந்த ஊர், இருந்த இடங்கள், தேதிகள்தான். முழுமையான பதில் அங்கே நமக்குத்தான் உதவும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் அதைச் சரிசெய்து கொள்ளுங்கள். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது.

நம் மாவட்டக்காரர்களுக்கென்றே ஒரு குழப்பமும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது 1995இல். அதற்கு முன் நாம் திருச்சி மாவட்டம். அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மீண்டும் தனி மாவட்டமானது. ஒரே மனிதரின் பள்ளிச் சான்றிதழில் திருச்சியும், பழைய பாஸ்போர்ட்டில் பெரம்பலூரும், ஆதாரில் அரியலூரும் இருக்கும். அவர் ஊர் மாறவேயில்லை. மாவட்டம்தான் அவரைத் தாண்டிப் போய்வந்தது. வெளிநாட்டு அதிகாரிக்கு இது தெரியாது. விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள்.

ஒரு நோட்டும் ஒரு கோப்பும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்காருங்கள். வருடம், மாதம், நாடு, ஊர், தங்கிய முகவரி, விசாவில் இருந்த வேலை, செய்த வேலை, முதலாளி, வந்த தேதி, போன தேதி என்று எழுதுங்கள். ஊரில் சும்மா இருந்த மாதங்களையும் எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட்டுகளை அருகில் வைத்துச் சரிபாருங்கள். நினைவில்லாத தேதிக்கு ஊகமாக எழுதாமல் 'தோராயமாக' என்று குறியுங்கள். இகாமா, எமிரேட்ஸ் ஐடி, ஒர்க் பெர்மிட் ஆகியவற்றின் இருபக்க நகலும், வேலைச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீதும் கோப்பில் சேரட்டும். மனைவிக்கு அனுப்பிய பணத்தின் ரசீது, வேலைக்கும் தாம்பத்தியத்துக்கும் ஒரே நேரத்தில் சாட்சி.

அடுத்தது போலீஸ் நற்சான்று. கனடா, பத்து ஆண்டுகளில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்த நாடுகளிலிருந்து கேட்கும். ஆஸ்திரேலியா பன்னிரண்டு மாதம் இருந்த நாடுகளிலிருந்து கேட்கும். அமெரிக்காவும் முன்பு வாழ்ந்த வெளிநாடுகளுக்குப் பன்னிரண்டு மாதக் கணக்குதான் வைத்திருக்கிறது. இந்தியச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். 2022 செப்டம்பர் முதல் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவா மையங்களிலும் இந்த வசதி உண்டு. சிங்கப்பூரில் காவல்துறையும், மலேசியாவில் வெளியுறவு அமைச்சகமும் சான்று கொடுக்கின்றன. வளைகுடா நாட்டுச் சான்றை அங்கே இருக்கும்போதே வாங்குவது சுலபம். ஊர் வந்தபின் கைரேகை, அத்தாட்சி, தூதரகம் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். நீங்கள் வெளியேறிய தேதிக்குப் பிந்தைய சான்றுதான் வேண்டும் என்று சில நாடுகள் சொல்லலாம். அப்போதும் கையில் இருக்கும் முதல் சான்றின் எண்ணும், அந்நாட்டு அடையாள எண்ணும் அடுத்ததை வாங்க உதவும்.

முன்பு எப்போதோ போட்ட மனுவில் ஏஜெண்ட் தவறாக எழுதியிருந்தால், இந்த மனுவில் அதைக் குறிப்பிட்டுத் திருத்துங்கள். பழைய மனுவும் அவர்கள் கணினியில் இருக்கும். கட்டணமும் வருமான வரம்பும் அடிக்கடி மாறுபவை. மனுப் போடும் வாரத்தில் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தை யார் நிரப்பினாலும், கையெழுத்துப் போடும் முன் கணவனும் மனைவியும் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நோட்டில் உள்ள தேதியும் படிவத்தில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம்.